கே.ஜி.கண்டிகை கல்பனாவின் ஹாக்கிப் பெண்கள்

பள்ளிக்கூட ஹாக்கி அணியில் கோல் காக்க யாரும் முன்வராதபோது, காலில் பேடு கட்டிக்கொண்டு இறங்கியவள் கல்பனா. கே.ஜி.கண்டிகையில் கூலி வேலைக்குப் போகும் துளசிங்கத்தின் மகள். மாவட்ட அணி வரைக்கும் ஆடினாள். முழங்கால் ஜவ்வு கிழிந்ததோடு ஆட்டம் முடிந்தது. ஆனால் ஹாக்கியை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. உடற்கல்வி படித்து, திருத்தணியில் ஒரு பெண்கள் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தாள்.

தலைமைப் பயிற்சியாளர் கஜபதி. ஆட்டத் திட்டம் அவருடையது. கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளில் போய்ப் பேசுவது, கோல்கீப்பர்களைத் தயார் செய்வது எல்லாம் கல்பனாவின் தலையில்.

கல்லூரி மைதானம் சரளை மண். சென்னையில் போட்டி நடப்பதோ தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்தரையில். அங்கே பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, நெல் காயப்போடும் சிமெண்ட் களம் ஒன்று காலியாகக் கிடப்பது கல்பனாவின் கண்ணில் பட்டது. களத்துக்காரர் சின்னசாமியிடம் போய், அறுப்பு இல்லாத மாதங்களில் காலையில் மட்டும் தரும்படி கேட்டாள். பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று அவர் தயங்கினார். பதில் நான் சொல்கிறேன் என்றாள். பிறகு பம்புசெட்டைப் போட்டுக் களத்தை நனைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

அந்த ஈரத் தரையில் தேறியவள் விஜி. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். கல்பனா முதலில் டென்னிஸ் பந்தை வீசினாள். பயம் தெளிந்த பிறகுதான் ஹாக்கிப் பந்தை எடுத்தாள்.

போன வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதியாட்டம் வரை போனார்கள். ஆட்டம் சமனில் முடிந்து, ஒவ்வொருத்தியாகப் பந்தோடு ஓடிவந்து கோல்கீப்பரை மட்டும் தாண்டி அடிக்கும் ஷூட் அவுட் வந்தது. ஏற்கெனவே இரண்டு கோல் விட்டிருந்த விஜியை வெளியே எடுத்து, மூத்தவள் சுஜாதாவை இறக்க நினைத்தார் கஜபதி.

"விஜியே இருக்கட்டும் சார்," என்றாள் கல்பனா. "ரெண்டு உள்ள போயும் கண்ண மூடாம நின்னுகினு இருக்கா. தோத்தா என்னைக் கேளுங்க."

கஜபதி அவள் முகத்தைப் பார்த்தார். சரி என்று ஒதுங்கிக்கொண்டார்.

எதிரணியில் கடைசியாக ஓடிவந்த பெண் இடப்பக்கம் போவதுபோலக் காட்டி வலப்பக்கம் வெட்டினாள். விஜி அசையாமல் பார்த்திருந்து, காலை நீட்டிப் பந்தை உதைத்துத் தள்ளினாள். ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கல்லூரிக்கு அதுதான் முதல் கோப்பை. பாராட்ட வந்தவர்களிடமெல்லாம், கோல்கீப்பரை மாற்றாதது தன் முடிவு இல்லை என்று சொல்லிக் கல்பனாவைக் காட்டினார் கஜபதி.

அடுத்த மாதம் பல்கலைக்கழக அணியில் விஜிக்கு இடம் கிடைத்தது. கல்பனாவையும் அதே அணிக்கு உதவிப் பயிற்சியாளராக அழைத்தார்கள். போட்டிக்காக வடக்கே போகும் ரயிலைப் பிடிக்க அவள் அணியோடு அரக்கோணம் வந்தபோது, துளசிங்கமும் சலவை வேட்டியில் கூடவே வந்தார். பெட்டியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"எம் பொண்ணு. யுனிவர்சிட்டி டீமுக்கு கோச்சு."

"அசிஸ்டென்ட் கோச்சு, நைனா."

"ஆங், அதான். கோச்சு," என்றார் துளசிங்கம்.

கல்பனா மறுபடி திருத்தவில்லை. மட்டைப் பைகளை மேலே ஏற்ற, பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.