தன்விருப்பம்

வடகடல் ஓரத்துச் சிறுநகரின் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்துவந்த வீப்கே டாம்ஸ் அம்மையார், மாணவர் வாயில் ‘ஃபிராவ் டாம்ஸ்’, கணினி வகுப்பையும் தாமாகவே ஏற்றுக்கொண்டவர். பள்ளி விலைக்கு வாங்கியிருந்த அலுவலக மென்பொருள் அவருக்கு விரல்நுனிப் பாடம்.

அதன் புதிய பதிப்போ மாணவரின் பெயரையும் எழுத்தையும் கடல்கடந்த கணினிகளுக்கு அனுப்பியது. தனியுரிமைச் சட்டப்படி அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதுவும் தன்விருப்பமாய்த் தந்ததாக இருத்தல் வேண்டும். எல்லோரும் ஒப்பமிட்டனர். ஏழாம் வகுப்பு மாணவி லெவ்கேயின் தாய் மட்டும் மறுத்துவிட்டார். மறுத்தவர் பிள்ளைக்குக் குறையேதும் நேரலாகாது என்பதும் விதி. வீப்கே அவ்விதியை எழுத்துப் பிசகாமல் காத்தார்: சாளரத்தருகே தனி மேசை, கோடிட்ட தாள், கூர்சீவிய பென்சில்.

“இந்த இடம் நல்லா வெளிச்சமா இருக்குல்ல?” என்று ஒருநாள் லெவ்கேயிடம் கேட்டார்.

“இருக்கு, ஃபிராவ் டாம்ஸ். பேச்சுத்துணைக்கு வெளியில ஒரு கடற்புறாகூட இருக்கு.”

அவ்விடை அவர் நெஞ்சில் முள்ளெனத் தைத்தது.

இலவச மென்பொருளுக்கு மாறுவதா என்று முடிவுசெய்ய, ஆசிரியரும் பெற்றோரும் அமரும் பள்ளிப்பேரவை கூடியது. தலைமையாசிரியர் புரோடர்சன் தொடங்கினார்: “ஒரே ஒரு வீடுதான் வேணாம்னுச்சு. மத்தவங்க எல்லாம் சுயவிருப்பத்தோட கையெழுத்துப் போட்டிருக்காங்க. இலவச மென்பொருளுக்கு மாறினா, பழுதை யாரு பாக்குறது?”

வீப்கே எழுந்தார். “நம்ம பிள்ளையும் ஜன்னலோரம் தனியா உக்காரணுமேன்னு பயந்து போட்டா, அது எப்படிங்க சுயவிருப்பம்? அந்த மேசையைப் போட்டவளே நான்தான்.”

உடற்பயிற்சி ஆசிரியர் ஒக்கே நகைத்தார். “நீயா பேசுற வீப்கே? அந்த மென்பொருளைக் கட்டிக்கிட்டவ மாதிரில்ல இருந்த!”

“இப்பவும் அதுதான்டா பிடிக்கும். இலவசம் அதைவிடச் சிரமம்தான், இல்லேங்கல. ஆனா எழுதுறது எல்லாம் நம்ம கணினியிலயே இருக்கும். யார் வீட்டுக் கையெழுத்தும் வேணாம். பழுதை நான் பாத்துக்குறேன்.”

தமக்கு உகந்ததை உகந்ததென்றே உரைத்து, அதனையே துறக்கவும் முன்வந்த அந்நேர்மையை அவை ஊர்வழக்கப்படியே பாராட்டியது. கைதட்டலுக்கு ஈடாய் விரற்கணுக்கள் மேசைகளைத் தட்டும் ஒலி எழுந்து அவையெங்கும் பரவியது. புரோடர்சனும் ஒருமுறை தட்டினார், தயங்கித்தான்.

ஈஸ்டர் விடுமுறையை வீப்கே இலவச மென்பொருளை ஏற்றியபடி கணினி அறையிலேயே கழித்தார். பள்ளி திறந்த முதல் வகுப்பில் அட்டவணைகள் கோணின. பக்க எண்கள் மறைந்தன. வகுப்பே கூச்சலிட்டது. நடுவரிசையிலிருந்து லெவ்கேயின் குரல் எல்லாவற்றிற்கும் மேலாய் ஒலித்தது:

“ஃபிராவ் டாம்ஸ், என்ன கண்றாவி இது! என் கட்டமெல்லாம் ஓடிப்போச்சு!”

முகம் மலர, வீப்கே அவளிடம் விரைந்தார்.