மாரியாயியின் அரை அங்குலம்

மத்தியானக் கஞ்சிக்கு உட்காருமுன் மாரியாயி தன் தலைத்துணியை அலசிப் பிழிந்து, உலைக்குக் காற்று ஊதும் புளோவரின் வாயிலிருந்த கம்பி வலையில் விரித்துவிடுவாள். கயிறும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம். உள்ளே சுற்றும் சக்கரம் காற்றை இழுக்கிற இழுப்பில் துணி வலையோடு ஒட்டிக்கொள்ளும். கஞ்சி குடித்து எழுவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். கல்கரி சுமக்கும் மற்ற ஆறு பெண்களும் அதையே செய்தார்கள். வலையில் ஒரு துணிக்குத்தான் இடம் என்பதால் நாளுக்கு ஒருத்தி என்று முறை வைத்திருந்தார்கள்.

மலாயாவில், கிள்ளான் ஆற்றோரத்து இரும்பு வார்ப்புப் பட்டறை அது. தோட்டங்களில் ரப்பரைப் பிழியும் உருளைகளை அங்கே வார்த்தார்கள். உலையில் கல்கரியும் பழைய இரும்பும் கொட்டுவார்கள். புளோவர் காற்றை ஊதும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் உருகிய இரும்பு அச்சில் இறங்கும்.

மாரியாயி அதற்கு முன் மேரு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவள். புருஷன் காய்ச்சலில் இறந்த வருஷம், வேலை வாங்கும் மண்டோர் கையை ஓங்கியதும் அவன் காலடியில் பால்வாளியைக் கவிழ்த்துவிட்டு வெளியேறினாள். ஒரு வாளிப் பாலையும் கொட்டினாயாமே என்று யாராவது கேட்டால், "பாதி வாளிதான்" என்பாள். பட்டறையின் பின்புறத்துத் தொழிலாளர் லயத்தில் ஓர் அறை அவளுக்கு இருந்தது. வேலை இருக்கும்வரை அறையும் இருக்கும்.

1936 ஆரம்பத்தில், பட்டறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை, புளோவர் மழையில் நனையாமலிருக்க, தானே படம் வரைந்து, உலைச் சுவரை ஒட்டித் தகரக் கூரையும் தகரத் தடுப்பும் போட்டார். அடுத்த மாதமே உருளைகள் ஓரம் நிரம்பாமல் வரத் தொடங்கின. போதிய சூடில்லாத இரும்பு அச்சின் மூலைக்குப் போய்ச் சேருமுன்பே உறைந்தது. ஐந்து உருளைகள் திரும்பி வந்தன. சிங்கப்பூரிலிருந்த முதலாளிகள் காரணம் கேட்டு எழுதினார்கள்.

காரணத்தைப் பட்டறை மண்டோர் பழனியப்பன் கண்டுபிடித்தார். வலையில் கிடந்த ஈரத்துணியைப் பிய்த்துக்கொண்டுபோய் துரையின் மேசைமேல் வைத்தார். அன்று மாரியாயியின் முறை.

என் தகப்பனார் அங்கே கிராணி. அவருக்குக் கண்ணோவு கண்டிருந்ததால் அந்த வாரம் எழுத்து வேலைக்கு நான் போனேன். மறுநாள் துரை சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதினேன். மாரியாயி துணி போட்டுக் காற்றை அடைத்ததாலேயே வார்ப்புகள் கெட்டன என்பது அதன் சாரம். அவள் அதில் கைநாட்டு வைத்துவிட்டு, சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். தமிழில் படித்துச் சொன்னேன்.

"வைக்க மாட்டேன்," என்றாள்.

"துணி உன்னுது இல்லையா?" என்றார் மண்டோர்.

"என்னுதுதான். நாலு வருசமா அங்கதான் காயுது. நாலு வருசம் ஒழுங்கா ஓடின இரும்பு இப்ப மட்டும் ஏன் நொண்டுது? தகரம் போட்ட பெறகுதான?"

புளோவர் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் முள் முன்பைவிடக் குறைவாகக் காட்டுகிறது, கூரை வந்தபின் மெஷின் சுலபமாக ஓடுகிறது என்றார் துரை. அதையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"வெறுங்கூடை தூக்கினா எனக்கும் மூச்சு வாங்காது. அதுக்கு அள்ளுறதுக்குக் காத்து இல்ல. தொரைய அந்தத் தகரத்துக்குள்ள வந்து நிக்கச் சொல்லும்மா. நாங்க தெனம் கூடையோட நிக்கிற எடந்தான்."

ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வெளியே ஆறு பெண்களும் வேலையை நிறுத்தி, கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். துரை அதையும் ஜன்னல் வழியே பார்த்தார். எழுந்து வந்தார். மணி இரண்டு.

தகரத்துக்குள் நின்ற இரண்டே நிமிடத்தில் கோட்டைக் கழற்றினார். புளோவரைக் கவனிக்கும் நாகையா கண்ணாடிக் குழாயின் பக்கத்தில் நின்றார். ஊதும் காற்றின் அழுத்தத்துக்கு ஏற்ப அதில் தண்ணீர் ஏறி நிற்கும். முன்பெல்லாம் பதினாறு அங்குலம் நிற்பது வழக்கம்.

"எவ்வளவுண்ணே?" என்றாள் மாரியாயி.

"பதினாலரை."

"வலையில துணி இருக்கா?"

"இல்ல."

"அப்ப தடுப்பப் பிரிங்க."

துரை தலையை ஆட்டி மறுத்தார். அவள் உலை குத்தும் கம்பியை எடுத்துத் தகரத்தின் இடுக்கில் கொடுத்தாள்.

"ஏய், அது தொரை கட்டினது!"

"தெரியும் மண்டோரே. அதான் ரெண்டு குத்து வேண்டியிருக்கு."

மூன்று தகரங்கள் விழுந்தன. ஆற்றுக் காற்று உள்ளே வந்தது. அந்தச் சக்கரம் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், ஒரே அளவு காற்றைத்தான் அள்ளும். ஆனால் உலைச் சுவரின் சூட்டில் காற்று விரிந்து மெலிந்திருந்தது. அளவு குறையாமலே எடை குறைந்து, நெருப்புக்கு அரைவயிற்றுக் காற்றுதான் போய்க்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் தண்ணீர் பதினாறில் நின்றது. வார்ப்புக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அதோடு அவள் போயிருக்கலாம். போகவில்லை. தலைத்துணியை அவிழ்த்து வாளியில் முக்கிப் பிழிந்து வலையில் போட்டாள்.

"இப்பப் பாருங்கண்ணே."

"வேணாந் தாயி, விட்ரு," என்றார் நாகையா.

"சொல்லுங்க."

"பதினஞ்சரை."

துணியை உருவி எடுத்துக்கொண்டு துரையைப் பார்த்தாள். "அரை என்னுது தொரே. ஒண்ணரை ஒங்களுது. ரெண்டையும் எழுதச் சொல்லுங்க, பத்து வெரலையும் வைக்கிறேன்."

எழுதினேன். துரை படித்தார். அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை. முதல் தாளில் அவளைக் கைநாட்டு வைக்கச் சொல்லவும் இல்லை. இரண்டும் இழுப்பறைக்குள் போயின. சிங்கப்பூருக்கு என்ன எழுதினாரோ தெரியாது. மறுநாள் காலை மண்டோரின் ஆட்களே மீதித் தகரத்தைக் கழற்றினார்கள். அன்று வார்த்த உருளைகள் ஓரம்வரை நிரம்பின. வலையில் இனி எவளும் துணி போடக்கூடாது என்று மாரியாயி பெண்களிடம் சொல்லிவிட்டாள். "நம்ம அரைய நாம எடுத்துருவோம்."

சனிக்கிழமை சாயங்காலம் பழனியப்பன் லயத்துப் பக்கம் வந்தார். அவள் வாசலில் குந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னா, இன்னும் கெளம்பலையா?"

"வாங்க மண்டோரே. நாளைக்கும் சேத்துத்தான் வாங்கியிருக்கேன். ரெண்டு துண்டு ஒங்க வீட்டுக்குத் தரவா?"