இன்னொண்ணு வை தாயி!

சில வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் விருதுநகரில் தொடங்கியது இது. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறோம். சீசனில் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. அதனால் தீபாவளி என்றால் எனக்குப் புதுச்சட்டையைவிடத் தூக்கம்தான் பெரிது. மறுநாள் முழுக்கத் தூங்குவது என்று முடிவு செய்திருந்தேன்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு புரோட்டாக் கடையில் சாப்பிட உட்கார்ந்தேன். வீடு வாசல் இல்லாமல் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கிடக்கும் ஒரு அம்மா வந்து நின்றார். கடைக்காரர் வழக்கம்போல் ஒரு புரோட்டாப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, “நாளைக்குத் தீபாவளி, கடை கிடையாதும்மா. நாளைக்கழிச்சு வாங்க” என்றார். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

என் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“ஏம்ப்பா, நாளைக்கு எல்லாக் கடையும் அடைச்சுட்டா அவுக எங்கன சாப்பிடுவாக?”

“யாராச்சும் குடுப்பாக.”

“யாரு?”

நான் காசு கொடுக்க எழுந்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அவளே முடிவு செய்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் எல்லோருக்கும் நாம் செய்து கொண்டுபோகிறோம். புரோட்டாதான்.

“அம்புட்டுப் பேருக்கும் எலுமிச்சை சாதம் கிண்டுனாப் போதாதா?” என்று மனைவி கேட்டுப் பார்த்தாள்.

“சும்மா நாள்லயே புரோட்டா திங்காக. நல்ல நாளும் அதுவுமா அத விடக் கம்மியாவா குடுக்கது?”

மனைவி அப்போதே மைதா வாங்கக் கிளம்பிவிட்டாள்.

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பேருக்கு ஒரு சரவெடியை வாசலில் போட்டுவிட்டு மாவைப் பிசைந்தோம். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை புரோட்டா போட்டதில்லை. மகள் கையெல்லாம் எண்ணெயாக்கி உருண்டை பிடித்தாள். நான் கடைக்காரர் மாதிரியே மாவை வீசி அடித்தேன். அது கிழிந்துபோய்ச் சுவரில் ஒட்டியது. மனைவி சிரித்த சிரிப்பில் அடுப்பை மறந்துவிட்டாள்.

சால்னாவுக்கு என்ன செய்வது? மகள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அவர்கள் முஸ்லிம் குடும்பம், பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அக்காவின் சால்னா எங்கள் தெரு முழுக்க மணக்கும். கையைப் பிடித்து இழுத்தே கூட்டி வந்துவிட்டாள்.

“என்ன தம்பி, மாவ இந்தப் பாடு படுத்துறீக? கொஞ்சம் ஊற விடுங்க” என்றபடி அக்கா சேலையை இழுத்துச் செருகினார். அப்புறம் அடுப்படி அவர் ராஜ்ஜியம்தான்.

ஒரு புரோட்டாவும் வட்டமாக வரவில்லை. ஆனால் விருதுநகர் வழக்கப்படி எண்ணெயில் பொரித்து எடுத்த ஒன்றைப் பிய்த்துப் பார்த்த மகள், “அடுக்கு வந்திருச்சு!” என்று கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். அவளே இலை துடைத்து, பொட்டலம் மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு அதிரசமும் வைத்தாள்.

மதியம் மூவரும் பொட்டலங்களையும் சால்னாத் தூக்கையும் எடுத்துக்கொண்டு பைக்கில் போனால், பஸ் ஸ்டாண்டில் ஒருவரையும் காணோம். அங்கே நின்ற ஆட்டோக்காரர்தான், “வெடிச் சத்தம் தாங்க முடியாம ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போயிட்டாகண்ணே” என்றார்.

வருடம் முழுக்க அந்த வெடியை நம்பித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்தச் சத்தத்துக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவுகூட இல்லாதவர்கள் இருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தூறல் விழ ஆரம்பித்தது. “வழியில யாருக்காச்சும் குடுத்துட்டுப் போயிருவமா?” என்றேன்.

“அந்தப் பெரியம்மாவுக்குன்னுதானப்பா செஞ்சோம்!”

ஸ்டேஷனுக்கு வண்டியைத் திருப்பினேன். வெளிச்சுவரை ஒட்டி ஒரு கூரைக்கடியில் ஒதுங்கியிருந்தார்கள். அந்த அம்மாவும் இருந்தார். அதுவரை அதிகாரம் செய்த என் மகள் பக்கத்தில் போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவழியாக, “பெரியம்மா, எங்க வீட்டுப் புரோட்டா. சாப்பிடுறீகளா?” என்று நீட்டினாள்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, நிதானமாக ஒரு வாய் வைத்தார். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல் நின்றோம்.

“யாரு செஞ்சது?”

“நாங்கதான்.”

“கடைப் புரோட்டா மாதிரி இல்லையே.”

மகள் முகம் சுருங்கிப் போனது.

“மெதுவால்ல இருக்கு! இன்னொண்ணு வை தாயி.”

“அப்பா, இன்னொண்ணு கேக்காக!” தூறலில் நின்று அவள் குதித்த குதியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்த ஒவ்வொருவரும் கூச்சமில்லாமல் கேட்டார்கள். ஒருவர் சால்னா இன்னும் கொஞ்சம் என்றார். ஒருவர் அதிரசம் பதமாக இருக்கிறது என்றார். அந்த அம்மா என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வாய் ஊட்டியும் விட்டார். பொட்டலம் எல்லாம் தீர்ந்து, சால்னாத் தூக்கும் வழித்துத் துடைத்தாற்போல் காலி. நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த தீபாவளிக்குத் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். இப்போது வருடம் தவறுவதில்லை. மாவு வீசுவது என் மகள். அவள் வீசினால் கிழிவதில்லை.

எத்தனையோ தீபாவளிக்கு ராப்பகலாக உழைத்திருக்கிறேன். ஆனால் நம் கையால் செய்ததை ஒருவர் உரிமையோடு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடும்போது மனசுக்குள் வெடிக்கிறதே ஒரு சந்தோஷம், அதுதான் பண்டிகை என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தது என் மகளின் அந்த ஒற்றைக் கேள்விதான்.