ராணி அக்கா தேர்ந்தெடுத்த ஷூ

கடலூர் பெண்கள் பாஸ்கெட்பால் அணியில் ஆரோக்கிய ராணியைவிட உயரமானவர்கள் இருந்தார்கள். வேகமாக ஓடுகிறவர்களும் இருந்தார்கள். ஆனாலும் ஆட்டம் எங்கள் கையைவிட்டுப் போகிறது என்று தோன்றும்போதெல்லாம் எல்லோரும் பந்தை அவரிடம்தான் கொடுப்போம். அவர் பந்தைத் தரையில் நிதானமாக நாலு தட்டு தட்டுவார். அதற்குள் எங்களுக்கு மூச்சு சீராகிவிடும்.

2004-ல் நான் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலையில் சேர்ந்தேன். அலுவலகம் விட்டதும் பக்கத்து மைதானத்து ஓரத்தில் இருந்த சிமெண்டு கோர்ட்டுக்குப் போய்விடுவேன். அங்கேதான் ராணி அக்காவை முதலில் பார்த்தேன். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் உதவியாளர். கணவர் அடைக்கலராஜ் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவர். ஒரு பெண் குழந்தை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கோர்ட்டுக்கு வருவார். துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டால், காலையிலிருந்து எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஷூ என்றா சொன்னேன்? அந்த நாளில் எங்கள் யாருக்கும் ஷூவைப் பற்றி ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூவில் ஆடினவர்கள் உண்டு. தம்பியின் ஷூவைக் கடன் வாங்கி வந்தவர்கள் உண்டு. ராணி அக்காவிடம் மட்டும் வெள்ளையாக, குதிகால் மெத்தென்று உயர்ந்த ஓட்டப் பயிற்சி ஷூ இருந்தது. கால் வலிக்காது என்று கடைக்காரர் கொடுத்தது. எங்களுக்கெல்லாம் அதன்மேல் ஒரு கண்.

2006 தை மாதம் சிதம்பரத்தில் நடந்த போட்டியில் அந்த ஷூதான் அவரைக் கவிழ்த்தது. அங்கேயும் திறந்தவெளிக் கோர்ட்தான். ரிங்கில் பட்டு வந்த பந்தைப் பிடிக்க எகிறினார். இறங்கிய இடத்தில் எதிரணிப் பெண் ஒருத்தியின் பாதம் இருந்தது. மெத்தென்ற குதிகால் ஒரு பக்கமாக அமுங்க, இடது கணுக்கால் மடிந்து, ராணி அக்கா பந்தோடு விழுந்தார். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது ஷூவின் அடிப்பாகம் பாதி பிய்ந்து வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போனோம். எவள் பாதத்தின்மேல் இறங்கினாரோ அவளும் கூடவே வந்தாள். பெயர் ரேகா. கல்லூரி மாணவி. வராந்தாவில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். ராணி அக்கா ஸ்டிரெச்சரில் படுத்தபடியே, "நீ ஏம்மா அழுவுற? நீ நின்ன எடத்துல நின்ன. நான்தான் மேல வந்து எறங்கினேன்" என்று அவளைச் சமாதானப்படுத்தினார்.

எலும்பு உடையவில்லை. ஜவ்வு கிழிந்திருந்தது. டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, இனிமேல் விளையாட்டெல்லாம் வேண்டாம் என்றார்.

"காலுக்காகச் சொல்றீங்களா டாக்டர், வயசுக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டார் ராணி அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டார். "காலுக்காகத்தாம்மா."

"அப்ப காலு சரியாயிட்டா ஆடலாம்."

"சரியாவறதுன்னா வலி போறது மட்டும் இல்ல. அந்தக் கால்ல தனியா நின்னு கண்ண மூடினா ஆடாம நிக்கணும். அப்பறம் வந்து பேசுங்க."

டாக்டர் பேச்சை முடிப்பதற்காக அப்படிச் சொல்லியிருக்கலாம். ராணி அக்கா அதை வேலையாக எடுத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு ஒற்றைக் காலில் நின்றுதான் பல் துலக்கினார், தோசை சுட்டார். முதலில் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். பிறகு சுவர் தேவைப்படவில்லை. மாமியார் அமிர்தம் அடுப்படிப் பக்கம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கொக்கு மாதிரி நின்னுக்கிட்டு தோச சுடுறா பாரு. இந்த வயசுல இதுக்கு பந்து ஒரு கேடா?" அடைக்கலராஜ் தோசையை வாங்கிக்கொண்டு, "ராணி, அடுத்தத சோத்தாங்கால்ல நின்னு சுடு. அதுக்கும் பழக்கம் வரட்டும்" என்றார். அவர் அவ்வளவுதான் பேசுவார். ஆனால் சாயங்காலம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அன்றிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார்.

ஷூ விஷயத்தை ராணி அக்கா விட்டபாடில்லை. ஒருநாள் கோர்ட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்து, "எல்லாரும் உங்க பழைய ஷூவக் கொண்டாங்க. கிழிஞ்சது, பிஞ்சது எதுவா இருந்தாலும் சரி" என்றார். நாங்கள் விளையாட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி அவற்றைக் கவிழ்த்துப் பரப்பி வைத்திருந்தார். அமிர்தம் அம்மாள் பொறுக்க முடியாமல், "வீடா இது, செத்த செருப்புங்களோட கல்லறையா?" என்று கேட்டது இன்றும் நினைவிருக்கிறது.

"மங்கலம், இங்க வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார் ராணி அக்கா. "இது உன்னோடது. பெருவெரலுக்குக் கீழ வழவழன்னு ஆயிப்போச்சு. அந்த எடத்துலதான் நீ திரும்புற. இதுவும் பாரு, அதே எடம். அடி ரப்பர் மெத்துன்னு இருந்த ஷூ எல்லாம் மொதல்ல தேஞ்சிருக்குது. கெட்டியா இருந்தது இன்னும் கோடு கோடா இருக்குது."

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சிமெண்டுத் தரை உப்புத்தாள் மாதிரி. ஒவ்வொரு முறை நாம் நின்று திரும்பும்போதும் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடிப்பாகம் அதைத் தாங்கவில்லை என்றால் ஒரு மழைக்காலத்துக்குக்கூட வராது.

கால் ஓரளவு தேறியதும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைகளுக்குப் போனார். காலையிலேயே போயிருக்கலாமே என்றேன். "சாயந்தரந்தான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். நம்ம ஆடறதும் இந்த நேரத்துலதான்" என்றார். ஆடும்போது போடுகிற தடித்த சாக்ஸைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தார்.

முதல் கடையில் கடைக்காரர் ரோஸ் நிறத்தில் ஒரு ஷூவை நீட்டினார். ராணி அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினார். நடுவில் மடிந்தது. "நம்ம பாதம் நடுவுலயா மடியுது? வெரல் கிட்டதான மடியுது?" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்ததைத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். அது முறுக்கிக்கொண்டது, அதுவும் வேண்டாம். குதிகாலைச் சுற்றி வரும் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினார். அடி ரப்பரில் நகத்தைப் பதித்துப் பார்த்தார். ஷூவைத் தரையில் வைத்து, அடிப்பாகம் மேல்பாகத்தைவிட அகலமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பையன்கள் ஆசைப்படுகிற மெல்லிய கண்ணாடி மாதிரி அடிப்பாகம் உள்ள ஷூவை எடுத்த வேகத்தில் வைத்துவிட்டார். "மரத் தரையில ஆடறவங்களுக்கு இது நல்லா இருக்கும். நம்ம கோர்ட்டு இத ஒரு மாசத்துல முழுங்கிடும்."

கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு கடையின் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது ஒரு கறுப்பு ஷூ. கணுக்கால் வரை உயர்ந்தது. அடியில் மீன்முள் மாதிரி ஆழமான கோடுகள். கனமாக இருந்தது. பார்க்க அழகே இல்லை.

"அது ஆம்பளைங்களுதும்மா" என்றார் கடைக்காரர்.

"காலுக்கு அது தெரியாதுங்க. இருக்கறதுலயே சின்ன சைஸ் எடுங்க."

போட்டுப் பார்த்தார். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. ஆனால் ஆண்கள் அளவில் செய்தது, குதிகால் மேலும் கீழும் வழுக்கியது. நான் போதும் போகலாம் என்று எழுந்துவிட்டேன். அவர் உட்கார்ந்தபடியே நாடா முழுவதையும் உருவினார். எல்லா ஷூவிலும் மேலே கடைசியில் ஒரு துளை சும்மா இருக்குமே, யாரும் நாடா கோக்காமல், அதில் கோத்தார். இரண்டு பக்கமும் சின்ன வளையம் விட்டு எதிர் நாடாவை அதற்குள் நுழைத்து இழுத்தார். குதிகால் சிக்கென்று நின்றுவிட்டது. எழுந்து கடைக்கு நடுவில் குதித்தார். பக்கவாட்டில் தாவினார். சடாரென்று நின்று திரும்பினார். பள்ளிக்கூடச் செருப்பு வாங்க வந்த ஒரு குடும்பம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றது. ராணி அக்கா அவர்களைப் பார்த்து, "ஷூ நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அடுத்த தையில் மறுபடியும் சிதம்பரம். இறுதி ஆட்டம் சிதம்பரத்து அணியோடு. ரேகாதான் அவர்களுக்குத் தலைவி. பிற்பகல் வெயிலில் தரை கொதித்தது, மேலே மெல்லிய மணல். முதல் பாதி முழுக்க ராணி அக்கா ஓடினார், தடுத்தார், அருமையாகப் பந்து கொடுத்தார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. ரிங்கை நோக்கி உள்ளே போகவே இல்லை. வழி திறந்து கிடந்தபோதும் வெளியே நின்று யாருக்காவது பந்தைத் தள்ளிவிட்டார். நாங்கள் பின்தங்கிப் போனோம்.

இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "அக்கா, ஷூ சரியில்லியா?"

தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ரிங்கைப் பார்த்தார். "ஷூ மேல நம்பிக்க இருக்குது மங்கலம். காலு மேலதான் இன்னும் வரல. அந்த ரிங்குக்குக் கீழ போனாலே அன்னிக்கி விழுந்தது ஞாபகம் வருது."

சொல்லிவிட்டு அவர் குனிந்து இரண்டு நாடாவையும் அவிழ்த்து, விரல் பக்கத்திலிருந்து இழுத்து இழுத்து மறுபடி கட்டினார். அதைக் கட்டி முடிக்கும்போது அவர் முகத்தில் ஒரு தீர்மானம் வந்திருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் முதல் பந்தை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனார். ரேகா குறுக்கே வந்தாள். இருவரும் எகிறினார்கள். பந்து வளையத்துக்குள் விழுந்தது. ராணி அக்கா இறங்கும்போது இடது கால் யாரோ ஒருத்தியின் ஷூ விளிம்பில் பட்டது. கணுக்கால் லேசாகச் சாய்ந்தது. அகலமான அடிப்பாகம் தரையைப் பற்றிக்கொண்டது, கொக்கு மாதிரி நின்று பழகிய கால் தானாக நிமிர்ந்தது. அவர் ஒரு கணம் தன் காலையே பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்து, "என்னா நின்னு வேடிக்க பாக்கறீங்க? ஓடுங்கடி, பந்து அந்தப் பக்கம் போவுது!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்தங்கியிருந்த எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்து வந்தார். ஆனாலும் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றுப்போனோம். எங்களில் இரண்டு பேர் அழுதார்கள். ராணி அக்கா அழவில்லை. படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்ததற்குப் பிறகு ரேகா அவரிடம் பேசியதே இல்லை. இப்போது கோப்பையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கால் எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குது. உன் ஷூவக் கழட்டு, பாப்பம்."

ரேகா கழற்றிக் கொடுத்தாள். வெள்ளை ஷூ. பெருவிரலுக்குக் கீழே வழவழப்பாகத் தேய்ந்து, உள் துணி தெரிந்தது. "இதப் போட்டுக்கிட்டா இந்த மணல்ல ஆடின? இன்னிக்கி நீ விழாதது பெரிய விஷயம்" என்றார் ராணி அக்கா. அந்த அணி முழுக்க ஒவ்வொருத்தியாக வந்து ஷூவைக் கழற்றியது. ஜெயித்தவர்கள் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருக்க, தோற்றவர் அவர்கள் ஷூக்களை மடக்கியும் முறுக்கியும் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அவர் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவது வழக்கமாயிற்று. சேர்ந்து பயிற்சி செய்வார்கள், பிறகு யாருக்காவது ஷூ வாங்கப் போவார்கள். விலை ஜாஸ்தியானதுதான் நல்லது என்று நினைக்கிறவர்களை அவர் ஒத்துக்கொண்டதில்லை. காலைப் பழக்காமல் ஷூவை மட்டும் நம்புகிறவர்களையும் விட்டதில்லை. "ஷூ பாதி வேலதான் செய்யும். மீதிய நீ ஒத்தக் கால்ல நின்னு செய்யி" என்பார். எங்கள் அணியில் கணுக்கால் மடிந்து உட்கார்ந்தவர்கள் அதன்பின் மிகக் குறைவு.

படிப்பு முடிந்து ரேகாவுக்குக் கடலூரில் வங்கி வேலை கிடைத்தது. வந்த வாரமே எங்கள் அணியில் சேர்ந்துவிட்டாள். 2011 கடைசியில் அடித்த புயலில் ஊரே குலைந்து போனபோது எங்கள் கோர்ட்டின்மேலும் மரம் விழுந்தது, ரிங் மாட்டிய ஒரு போஸ்ட் சாய்ந்தது. கரண்ட் இல்லை. அவரவர் வீட்டுக் கூரையைப் பார்க்கவே நேரம் போதவில்லை. தண்ணீர் சரியாக வரத் தொடங்கிய பிறகு ஒருநாள் ராணி அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். அடைக்கலராஜ் துறைமுகத்திலிருந்து ஆட்களையும் கப்பியையும் கொண்டுவந்து போஸ்ட்டை நிமிர்த்தினார். அமிர்தம் அம்மாள் எல்லோருக்கும் டீ போட்டு அனுப்பினார்.

தையில் நடக்க வேண்டிய போட்டி தள்ளிப்போய், 2012 கோடையில் சிதம்பரத்தில் நடந்தது. சரியான பயிற்சி இல்லாமல்தான் போனோம். ராணி அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. அவரும் ரேகாவும் ஒரே அணியில், ஒருவருக்கொருவர் பார்க்காமலே பந்து கொடுத்துக்கொண்டு ஆடினார்கள். இறுதி ஆட்டத்தில் எளிதாகவே ஜெயித்தோம். கடைசி நிமிடம் வரை ராணி அக்கா வெளியே போய் உட்காரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அவர் மட்டும் ஜன்னலோரம் விழித்திருந்தார். "என்னாக்கா யோசன?" என்றேன்.

"காலைல மொத ஷிப்டு. கம்பெனி சட்டைய அயர்ன் பண்ணலியேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார்.