கிணற்றுக்குள் கேட்ட கேள்வி

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அம்பத்தூர் தொழிற்சாலை எஸ்டேட்டில் தோண்டிக்கொண்டிருந்த ஒரு கிணற்றுக்குள் நான் உயிரோடு புதைந்தேன். மார்பு வரைக்கும் மண். அதற்கு மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அன்று நான் பிழைத்தது ஆண்டவருடைய இரக்கம். அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சி. ஆனால் அதோடு சேர்த்து, என் வெட்கக்கேடு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் முனுசாமி. கள்ளிக்குப்பத்தில் குடியிருக்கிறேன். எங்கள் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். எஸ்டேட் வந்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டட வேலை, கிணற்று வேலை என்று நிறைய கிடைத்தது. நான் கிணறு வெட்டும் ஆட்களோடு சேர்ந்தேன். எனக்கு எழுத்து சரியாக வராது. நான் வாயால் சொன்னதை எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் எழுதித் தந்திருக்கிறார்.

அந்த விபத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு டீச்சரம்மா வீட்டுக் கிணற்றில் தூர் வாரப் போயிருந்தேன். மத்தியானம் சோறு போட்டு, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா சுவிசேஷத்திலிருந்து கொஞ்சம் வாசித்தார்கள். இயேசு சிலுவையில் தொங்கும்போது பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்குக்கூடப் பரலோகத்தில் இடம் கொடுத்தார் என்கிற பகுதி. மற்றவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். எனக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு ஜெபத்துக்குப் போனேன். பிறகு என் மனைவி பச்சையம்மாவும் வந்தாள். என் பாவத்தைச் சுமந்தவர் இவர்தான் என்று விசுவாசித்தேன். அதில் பொய் இல்லை.

ஆனால் வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் மேஸ்திரி எல்லப்பன் ஒவ்வொரு கிணறு தொடங்கும்போதும் பூசை போடுவார். எல்லோரோடும் நானும் நிற்பேன். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சொன்னால் கேலி செய்வார்கள், கூட்டத்திலிருந்து தள்ளிவிடுவார்கள் என்று பயம். ஞானஸ்நானமும் எடுக்கவில்லை. ஏரியில் கொடுப்பார்கள், ஊரே பார்க்கும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மனசுக்குள் நம்பினால் போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கிணறு புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்கு. இருபதடி இறங்கியிருந்தோம். ஒரு வாரமாக மழை. பக்கத்து மண் ஊறிப் போயிருந்தது. சுற்றிச் செங்கல் கட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு தோண்ட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். வேலை கொடுத்தவர், "இன்னும் ரெண்டடி, அதுக்கப்புறம் கட்டிக்கலாம்" என்று அவசரப்படுத்தினார். கீழே நானும் கன்னியப்பனும் இறங்கினோம். கன்னியப்பன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முரட்டு ஆள். குடிப்பார். ஆனால் கூட வேலை செய்கிறவனுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் நிற்பவர். மூன்று வருஷமாக எந்தக் கிணறானாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் இறங்கிக்கொண்டிருந்தோம்.

பத்தரை மணி இருக்கும். தலைக்கு மேலே ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு பக்கம் முழுவதும் வந்து விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது நான் சுவரில் சாய்ந்தபடி மார்பு வரை மண்ணுக்குள் இருந்தேன். கைகள் மட்டும் வெளியே. கன்னியப்பன் நாலடி தள்ளி மண் மேட்டின்மேல் மல்லாந்து கிடந்தார். அவருடைய வலது கால் ஒரு பெரிய கல்லுக்கு அடியில். அவர் போட்ட அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார். "டேய், உசுரோட கீறீங்களா?"

"கீறோம் மேஸ்திரி! கயிறு வுடுங்க!"

"கிட்ட வந்தா மண்ணு இன்னும் சரியுதுடா! ஆள் அனுப்பிகீறேன். ஆடாத கெடங்க!"

கயிறு விட்டாலும் பயன் இல்லை. நான் புதைந்திருந்தேன், அவர் கால் மாட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் என் மார்பைச் சுற்றி ஜில்லென்று ஏதோ தெரிந்தது. ஊற்று திறந்துவிட்டது. எந்தத் தண்ணீருக்காகத் தோண்டினோமோ அந்தத் தண்ணீரே மண்ணுக்குள்ளிருந்து மேலே வந்தது.

நான் ஜெபம் பண்ணத் தொடங்கினேன். சத்தம் வராமல், உதடு மட்டும் அசைய. இரண்டு வருஷப் பழக்கம் அப்படி. சாகப்போகிற நேரத்திலும் வாய் திறக்கவில்லை.

கன்னியப்பன் அதைப் பார்த்துவிட்டார். "இன்னாடா முணுமுணுத்துகினு கீற?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சொல்லுடா. சாவப்போறோம். இப்போ இன்னா ரகசியம்?"

"ஜெபம் பண்றேன் அண்ணாத்தே."

"யாராண்ட?"

அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? தண்ணீர் அக்குளுக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னேன். "இயேசுவாண்ட."

அவர் என்னையே பார்த்தார். "எப்போலேர்ந்து?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா எங்கூடவே எறங்கிகினு, எங்கூடவே சோறு துன்னுகினு, ஒரு வார்த்த சொல்லலியே. அது நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான் அண்ணாத்தே."

"நல்லதுன்னா ஏன்டா ஒளிச்சு வெச்சே? ஒரு பீடி கெடச்சா பாதி குடுப்பியே எனக்கு."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். மண் விழுந்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எந்தப் பிரசங்கமும் என்னை அப்படி உடைக்கவில்லை. "பயந்துட்டேன் அண்ணாத்தே, சிரிப்பீங்கன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"இப்போ யாரு சிரிக்கிறாங்க? சொல்லு."

சொன்னேன். எனக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். நாம் செய்த பாவத்துக்கு நாம் சாக வேண்டிய சாவை அவர் செத்தார், மூன்றாம் நாள் எழுந்தார், அவரை நம்பி வருகிறவனைத் தள்ளமாட்டார் என்று சொன்னேன். சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிச் சொன்னேன். அவன் நல்லது எதுவும் செய்ய நேரமே இல்லாதவன், அவனையும் சேர்த்துக்கொண்டார் என்றேன்.

கன்னியப்பன் மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்தார். பிறகு, "என் மொத பொஞ்சாதி தனலட்சுமிய அடிச்சு தொரத்துனவன் நானு. கைக்கொழந்தையோட போனா. அதுக்குமா?" என்றார்.

"அதுக்குந்தான்."

"அவ மன்னிக்கலன்னா?"

"அவங்களாண்ட நீங்கதான் போயி கேக்கணும் அண்ணாத்தே."

"மொதல்ல மேல போவணுமே" என்று சிரிக்கப் பார்த்தார். வலியில் முடியவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த பாஷையில் கூப்பிட்டார். "இயேசுவே, எனக்கு உன்ன தெரியாது. இவன் சொல்றது நெசம்னா என்னையும் பாரு. நான் பண்ணது தப்பு. மன்னிச்சுக்கோ." அவ்வளவுதான்.

அப்போது தண்ணீர் என் தோளுக்கு வந்திருந்தது. நான் சத்தம் போட்டு ஜெபம் பண்ணினேன். மேலே நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஆண்டவரே, என் வெட்கத்த மன்னியும். ரெண்டு பேரையும் எடுத்துவுடும். ஒருத்தன்தான்னா இவர மேல ஏத்திவுடும். இவருக்குச் செய்யவேண்டிய வேல ஒண்ணு கீது" என்றேன். அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்கே தெரியாது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தனியாக இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது.

மேலே நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். தீயணைப்புக்குச் சொல்ல ஓர் ஆள் சைக்கிளில் போயிருந்தான். இன்னொருவன் கள்ளிக்குப்பத்துக்கு ஓடினான். அங்கே வரதன் என்ற விவசாயியிடம் ஆயில் இன்ஜின் இருந்தது. அவர் நிலத்தில்தான் எங்கள் அப்பா வேலை செய்தார். கூலித் தகராறில் அவருக்கும் எங்கள் வீட்டுக்கும் ஐந்து வருஷமாகப் பேச்சில்லை. உள்ளே கிடப்பது முனுசாமி என்று சொல்லியும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்ஜினையும் பம்பையும் மாட்டுவண்டியில் ஏற்றி, சேற்றில் சக்கரம் புதைந்த இடங்களில் தானே தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

குழாயை உள்ளே இறக்கினார்கள். இன்ஜின் கைப்பிடியைச் சுற்றினார்கள். ஓடவில்லை. மறுபடி சுற்றினார்கள். இருமிவிட்டு நின்றுபோனது. தண்ணீர் என் தாடையைத் தொட்டது. நான் அண்ணாந்து மூக்கை மேலே வைத்துக்கொண்டேன். இனிமேல் பேசவும் முடியாது. கன்னியப்பன் கத்தினார். "இயேசுவே, அவன் போயிட்டா எனக்கு யாரு சொல்லுவா? இன்ஜின ஓட்டு!"

மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மழையில் நனைந்த இன்ஜின் இரண்டு முறை நின்று மூன்றாவது முறை ஓடுவது சகஜம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வரதனே அப்படித்தான் சொன்னார். நான் யாரோடும் வாதாடுவதில்லை. தாடையில் இருந்த தண்ணீர் கழுத்துக்கு இறங்கியது, கழுத்தில் இருந்தது தோளுக்கு இறங்கியது. யாரைக் கூப்பிட்டோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

தீயணைப்பு வண்டி வந்தது. அவர்கள் பலகைகளை முட்டுக்கொடுத்து, கயிறு கட்டி இறங்கி, கையாலேயே மண்ணை அள்ளினார்கள். மூன்று மணிக்கு என்னை மேலே தூக்கினார்கள். கல்லை நகர்த்திக் கன்னியப்பனை எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அவர் காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. ஆறு மாதம் படுத்திருந்தார். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. நான் ஒரு மாதத்தில் எழுந்தேன். எழுந்ததும் வரதன் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டு நின்றேன். "உள்ளே வா" என்றார்.

மேஸ்திரி அடுத்த கிணற்றுக்குக் கூப்பிட்டார். பூசைக்கு முன்னால் அவரிடம் போய், "மேஸ்திரி, நான் இயேசுவ கும்புடறவன். உங்க பூசைய கொற சொல்லல. ஆனா நான் இதுல நிக்கமாட்டேன்" என்றேன்.

அவர் யோசித்தார். "நீ நல்ல வேலக்காரன். ஆனா பூசைக்கு நிக்காதவன எறக்கி நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மத்தவன் வுடமாட்டான் நைனா. போய்ட்டு வா" என்றார். இரண்டு மாதம் வேலை இல்லை. பச்சையம்மா வீட்டு வேலைக்குப் போய்க் கஞ்சி ஊற்றினாள். பிறகு சைக்கிள் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எடுபிடியாக எடுத்தார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். சேர்ந்த முதல் நாளே பக்கத்து மிஷினில் நின்றவரிடம் நான் யார் என்று சொல்லிவிட்டேன்.

கன்னியப்பன் கட்டை ஊன்றி நடக்கத் தொடங்கியதும் செய்த முதல் காரியம், தனலட்சுமியைத் தேடிப்போனது. அந்த அம்மா சென்னீர்குப்பத்தில் ரோட்டோரம் இட்லிக்கடை வைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன். கடைக்கு எதிரில் நின்று, "தனலட்சுமி, நான் உனக்குப் பண்ணது பெரிய பாவம். மன்னிச்சுக்கோ. கூட வான்னு கேக்க வரல" என்றார். லாரிக்காரர்கள் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எதையும் யாரிடமும் ஒளிக்கவில்லை.

அந்த அம்மா இட்லித் துணியைப் பிழிந்தபடி, "இத்த சொல்லவா இம்மாந்தூரம் கட்டைய ஊனிகினு வந்தே?" என்றார்கள்.

"ஆமா."

"புள்ள பெரிசாயிட்டான். ஒர்க் ஷாப்புல கீறான். சோத்துக்குக் கொறையில்ல." என்றார்கள். ஆளுக்கு நாலு இட்லி வைத்துத் தட்டை நீட்டினார்கள். காசு நீட்டியபோது கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார்கள். திரும்பி வரும்போது பூந்தமல்லி வரைக்கும் கன்னியப்பன் அழுதுகொண்டே வந்தார். அதன் பிறகு அவர் குடித்து நான் பார்க்கவில்லை.

விபத்து நடந்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு, தை மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் அம்பத்தூர் ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். கரையில் துணி துவைக்கிறவர்கள், மாடு கழுவுகிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று நிறையப் பேர். அவருக்குச் சேற்றில் கால் நிற்கவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரையில் நின்றவர்களைப் பார்த்து, இன்னும் கிட்ட வாங்க என்று கை காட்டிக் கூப்பிட்டார். சில பேர் வந்தார்கள்.

அன்பானவர்களே, ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார் என்பதற்காக மட்டும் நான் அவரைத் துதிக்கவில்லை. ஊமையாகச் சாகவிடாமல் காப்பாற்றினார், அதற்காகத் துதிக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் இன்னும் அவரை அறியாதவர் இருந்தால், கன்னியப்பன் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். அவரை அறிந்தும் சொல்லாமல் இருக்கிறவர்கள் இருந்தால், உங்கள் பக்கத்தில் தினமும் நின்று வேலை செய்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் காலையில் அவர் வேலைக்கு வருவார். பயம் இருந்தால் பயத்தோடேயே சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன்.