காயாத ரவிக்கை

எனெலெசியின் ரவிக்கையைப் போல வெளுத்த ரவிக்கை முலாஞ்சே மலையடிச் சபையில் வேறு யாரிடமும் இருந்ததில்லை. மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சித் துணியில் வடிகட்டுவாள். கழுத்துப்பட்டிக்குத் தனியாக இன்னொரு முறை கஞ்சி போடுவாள். கரி இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகத்தை வாழை இலையில் துடைத்துவிட்டுத்தான் துணியில் வைப்பாள். சாம்பல் துகள் ஒன்றுகூட ஒட்டக் கூடாது. இதெல்லாம் அடுத்த ஊரில் இருந்த அக்கா ஃபாலெசி சொல்லிக்கொடுத்தது. ஆனால் அக்காவையும் மிஞ்சிவிட்டாள்.

வெள்ளை ரவிக்கை, கறுப்புப் பாவாடை, தலையில் வெள்ளைத் துணி. இதுதான் பெண்கள் சங்கத்தின் உடுப்பு. சங்கத்துப் பெண்கள் நோயாளி வீட்டுக்கு ஜெபிக்கப் போவதும் அதில்தான், கடைசியில் மண்ணுக்குள் போவதும் அதில்தான். எனெலெசி விதவை, பிள்ளைகளும் இல்லை. அந்த உடுப்போடு தன்னைப் பெட்டியில் வைத்து, சங்கத்தார் பாடிக்கொண்டே சுமந்து போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் தனக்காகக் கேட்டது.

நசிபேகோவும் அவளும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே வரிசையில் நின்று கொழுந்து கிள்ளியவர்கள். புருஷன் விட்டுப் போன பிறகு நசிபேகோ பிள்ளையை வளர்க்கக் கச்சாசு சாராயம் காய்ச்ச ஆரம்பித்தாள். சபை அவளை இராப்போஜனத்திலிருந்து விலக்கி வைத்தது. அதற்குப் பிறகு வழியில் பார்த்தால் இருவரும் ஊர் வழக்கப்படி கையைத் தட்டி நலம் விசாரிப்பார்கள், அதோடு சரி.

ஒரு ஜூலை மாதத்துக் காலை. எனெலெசி உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு மக்காச்சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். நசிபேகோவிடம் போ என்று மனதில் வந்தது. குரல் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ தோளில் கை வைத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். அவள் உலக்கையைச் சாய்த்து வைத்தாள். அறுவடை முதலே நசிபேகோ இருமிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆனால் கொடியில் ரவிக்கை சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுத் துணியோடு சாராயம் காய்ச்சும் வீட்டுக்குள் நுழைந்தால் குடிக்கப் போனாள் என்று ஊர் சொல்லும். உடுப்போடு போனால் யாரும் வாய் திறக்க முடியாது. "காஞ்சதும் போறேன், ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு உலக்கையைத் திரும்ப எடுத்தாள்.

அது காயவில்லை. சிபெரோனித் தூறல் மலையிலிருந்து இறங்கினால் நாள் கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். அடுப்புக்கு மேல் போட்டால் புகையில் மஞ்சளாகிவிடும். மறுநாள் உச்சிக்குத்தான் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்தது. தேய்த்து உடுத்திக்கொண்டு, சங்கத்துப் பெண் ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பாதை திரும்பும் இடத்திலேயே ஒப்பாரி கேட்டது.

நசிபேகோவின் மகள் டோரிகா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கோபம் எதுவும் இல்லாமல்தான் பேசினாள்.

"நேத்து முழுக்க நீங்க வருவீங்கன்னே சொல்லிட்டு இருந்தாங்க. வீட்டக் கூட்டு, பானையெல்லாம் பின்னால கொண்டு போய் வையி, வெள்ள ரவிக்கை வர்ற வீடுன்னாங்க."

பிறகு எனெலெசியின் கை மடிப்பைப் பார்த்தாள்.

"ரவிக்கை நல்லாயிருக்கும்மா."

அன்றிலிருந்து எனெலெசி காத்திருப்பதை விட்டுவிட்டாள். யாருடைய பெயராவது மனதில் வந்து தங்கினால் அப்படியே எழுந்து போவாள். கையில் மாவு இருக்கும், இடுப்பில் அடுப்பங்கரைத் துணி இருக்கும். சாராயம் காய்ச்சும் வீடா, சண்டைக்கார வீடா என்று பார்ப்பதில்லை. சந்தையில் தக்காளி விற்பவள் ஒருத்தி கேட்டாள்: "கை கழுவக்கூட நேரமில்லையா அம்மா? ஆண்டவர் என்ன பஸ்ஸ எடுத்துட்டுப் போயிருவாரா?" எனெலெசியும் கூடச் சிரித்தாள். "ஒரு தடவ விட்டவடி நான்" என்றாள்.

சங்கத் தலைவி சிசாலே அம்மா கெட்டவள் அல்ல. கேலிக்கும் பழிக்கும் நடுவே அந்தச் சங்கத்தை நிமிர்த்தி நிற்க வைத்தவள். அவள் எனெலெசியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள். பட்டப்பகலில் சாராய வீட்டிலிருந்து தனியாக வெளியே வருகிறாயே, சங்கத்தின் பேர் என்னாவது என்றாள்.

"நான் குடிக்கலம்மா."

"எனக்குத் தெரியும். ஊருக்கு யாரு போயி சொல்றது?"

இனி உடுப்பில்லாமல், துணையில்லாமல் போவதில்லை என்று வாக்குக் கொடுக்கும்வரை உடுப்பைத் திருப்பித் தர வேண்டும் என்று முடிவானது. எனெலெசி அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, நாலு மூலையும் பொருந்த மடித்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் ஃபாலெசி வந்து தங்கை சார்பில் கெஞ்சினாள். சிசாலே அம்மாவும் இறங்கி வந்தாள். போகும்போது உடுப்புக்கூட வேண்டாம், துணைக்கு ஒருத்தி வந்தால் போதும் என்றாள். எனெலெசி ஒப்புக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லார் முன்னாலும் ரவிக்கையை மறுபடி போட்டுவிடுவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு அவள் சீக்கிரமே கிளம்பினாள். ஆற்றைக் கடக்கும் மரப்பாலத்தில் யோசியா கிழவரின் பெயர் மனதில் வந்தது. தனியாக இருப்பவர், வீடு எதிர்த்திசையில். துணைக்கு யாரும் இல்லை. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

யோசியா வெயிலில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்கும் ஒன்றுமில்லை. எதுக்கும்மா வந்தே என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சில கதிர்களை உதிர்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சங்கத்தார் பாடுவது இங்கே வரை கேட்டது. பாட்டு முடியும்வரை அவள் தலை நிமிரவில்லை.

மாலையில் சிசாலே அம்மா வந்தாள். கிழவருக்கு என்ன என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்காரு."

"அப்ப ஆண்டவர் தப்பா கூப்பிட்டாரா?"

"தெரியல. போன்னாரு, போனேன். எதுக்குன்னு கேட்டுட்டு நின்னா, அதுவும் துணி காயட்டும்னு நிக்கிறதுதானம்மா."

சிசாலே அம்மா எழுந்து போனாள். ரவிக்கை சங்கத்துத் துணிப்பெட்டிக்குள் திரும்பப் போனது. அதைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. எனெலெசி கஞ்சி காய்ச்சும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், அழுதாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அக்காவுக்கு ஆள் அனுப்பி, அவள் வந்து சேர்வதற்குள், அழைக்காமலே ஒருத்தி வந்திருந்தாள். டோரிகா. முழங்கை வரை மாவு.

"உன்ன யாருடி வரச் சொன்னா?" என்று எனெலெசி கேட்டாளாம்.

"யாருமில்லம்மா. தோணுச்சு, வந்துட்டேன்."

அந்த மாவுக் கையைப் பிடித்தபடியேதான் எனெலெசியின் உயிர் போனது.

சங்கத்தார் வெள்ளை ரவிக்கையோடு வந்து ஓரமாக நின்றார்கள். சங்கத்தில் இல்லாதவளுக்கு அவர்கள் பாடுவதில்லை. சிசாலே அம்மா கஞ்சி போட்ட கைமடிப்பாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனெலெசியைக் குளிப்பாட்டியது ஃபாலெசி. விரல் இடுக்கு ஒன்று விடாமல் கழுவி, சாதாரணப் பூப்போட்ட துணியை நன்றாக நீவிச் சுற்றினாள். வலது உள்ளங்கையில் ஒட்டியிருந்த மாவை மட்டும் அவள் கழுவவில்லை.