மலை வீட்டுக்கு நெருப்புக் காப்புறுதி

மாத்தளைச் சந்தையில் ஒரு கத்தரிக்காயை நாலு முறை திருப்பிப் பார்த்து, சொத்தை இல்லையென்றால்தான் பையில் போடுவேன். அப்படிப்பட்ட நான் என் வீட்டுக்கான காப்புறுதிப் படிவத்தில் ஒரு வரிகூட வாசிக்காமல் கையெழுத்திட்டேன். ஏனென்றால் அதைக் கொண்டுவந்த முகவர் என் மனைவியின் தம்பி. சொந்தக்காரன் நீட்டும் தாளை வாசித்துப் பார்ப்பது, எங்கள் குடும்பத்தில் அவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம்.

நெருப்பையும் திருட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, வெள்ளம், மண்சரிவு என்றிருந்த பகுதியை அவனே பேனாவால் வெட்டினான்.

"அதுக்கு வேற காசு மச்சான். மலையில இருக்கிற வீட்டுக்கு வெள்ளமா வரப்போகுது?" என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு மண்மேடு நிற்பது அந்த இரண்டு அறிவாளிகளுக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த பெருமழையில் மேடு சரிந்து சமையலறையை மூடியது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. மறுநாள் அவன் பாணும் பருப்பும் வாங்கிக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்தான். சேற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"நெருப்புப் பிடிச்சிருந்தா முழுசா எடுத்துக் குடுத்திருப்பேன் மச்சான்."

போகிற நேரத்தில் இன்னொரு படிவத்தை நீட்டினான். இந்த முறை ஆயுள் காப்புறுதியாம். தம்பியின் முகம் வாடக்கூடாதென்று என் மனைவி பேனா தேடிக் கொடுத்தாள். அதையும் நான் வாசிக்கவில்லை.